விளம்பர அட்டைகளும் ஒரு றங்குப்பெட்டியும்

2003 ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் ரொறன்ரோ சென்றிருந்தபோது, ஸ்காபரோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் என்னைத் தனது அறைக்கு அழைத்துச் சென்று, பிளாஸ்ரிக் உறையிட்ட சிறியதோர் அட்டையை என் கையில் வைத்தான். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்து, ஆறு வயதில் கனடாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட பிள்ளை அவன். 1992 இலும் 1993 இலும் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி அடுத்தடுத்து உலகத் தொடரை வென்ற காலத்தில் வளர்ந்தவன் ஆதலால், எங்கள் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் எப்படியோ அவனுக்குப் பேஸ்போல் அப்படி. அந்த அட்டையில், தொப்பியணிந்த ஒருவன் தலைகீழாக விழுந்தபடி பந்தைப் பிடிக்கும் வேடிக்கைப் படம் பல வண்ணங்களில் அச்சிடப்பட்டிருந்தது. பின்புறத்தில் ஒரு சப்பாத்துக் கடையின் விளம்பரம்.

“மாமா, இது நூறு வருசத்துக்கு மேல பழசு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில வாங்கினனான்” என்றான்.

சப்பாத்துக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஒரு சம்பந்தமும் இல்லை, அதுதான் விசேடம் என்றான். பத்திரிகைத் தொழிலில் அரை ஆயுளைக் கழித்தவனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருக்கவில்லை. அன்றிலிருந்து இந்த அட்டைகளின் வரலாற்றைத் தேடி வாசிக்கலானேன். அந்தத் தேடல் ரொறன்ரோவில் தொடங்கி, நான் எதிர்பாராத வகையில், இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் ஓரத்தில் இருந்த ஒரு வீட்டில் போய் நின்றது.

வணிக விளம்பர அட்டை என்பது புதிய சங்கதி அன்று. லண்டன் வணிகர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தமது கடையின் பெயரையும் இருப்பிடத்தையும் தாளில் அச்சிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுத்தார்கள். ஆனால் அவை ஒற்றை நிறத்தில் அமைந்தவை. வேலை முடிந்ததும் வீசப்படுபவை. நிலைமையை மாற்றியது கல்லச்சு. 1796 இல் ஜேர்மனியரான அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த அந்த முறையைப் பல வண்ணங்களுக்கு விரித்து 1837 இல் பிரான்சில் உரிமம் பெற்றவர் கொட்ஃப்ரா எங்கெல்மான். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல். ஒரே தாள் எல்லாக் கற்களின் மீதும் இம்மியும் பிசகாமல் ஏறி இறங்க வேண்டும். பிசகினால் முகத்துக்கு வெளியே உதடு தெரியும். நெருப்புப்பெட்டிப் படங்களில் அத்தகைய பிசகல்களை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருப்போம்.

அமெரிக்காவில் இந்த அட்டைகளின் பொற்காலம், 1876 இல் பிலடெல்பியாவில் நடைபெற்ற நூற்றாண்டுக் கண்காட்சியோடு தொடங்கியதாகக் கொள்வர். கண்காட்சிக்கு வந்தோர் கைநிறைய அட்டைகளை வாங்கிச் சென்றார்கள். பஞ்சாங்கத்தையும் பைபிளையும் தவிர வேறு அச்சுப் பொருள் இல்லாத வீடுகளில், வண்ணப்படம் என்பது பெரிய காரியம். பெண்களும் பிள்ளைகளும் அவற்றைக் கொப்பிகளில் ஒட்டி வைத்தார்கள். அந்த ஒட்டுக் கொப்பிகளாலேயே அவை இன்றுவரை பிழைத்தன. அச்சகத்தார் படத்தை மட்டும் ஆயிரக்கணக்கில் அடித்து, கடைப் பெயருக்கு இடம் விட்டு வைப்பார்கள். எந்த ஊர்க் கடைக்காரரும் தமது பெயரை அதில் பொறித்துக்கொள்ளலாம். சப்பாத்துக் கடைக்குப் பேஸ்போல்காரன் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அதே 1876 இல்தான் பேஸ்போலின் தேசிய லீக்கும் உருவானது. அதற்கும் முன்னரே, முதன்முதலாக எல்லா வீரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த 1869 ஆம் ஆண்டுச் சின்சினாட்டி அணியின் படத்தைத் தமது விளம்பர அட்டையில் ஒட்டி வெளியிட்டனர் நியூயோர்க்கின் விளையாட்டுப் பொருள் வணிகர்களான பெக் அன்ட் ஸ்னைடர். 1880களில் சிகரட் கொம்பனிகள் இத்துறையில் இறங்கின. மெல்லிய பெட்டி நசுங்காதிருக்க உள்ளே வைத்த அட்டையிலே படம் அச்சிடும் எண்ணம் அவர்களுக்குத் தோன்றியது. ரிச்மண்ட் நகரத்து அலன் அன்ட் கின்ரர் 1887 இல் வெளியிட்ட ஐம்பது ‘உலக வீரர்’ அட்டைகளில் பத்துப் பேர் பேஸ்போல்காரர். நியூயோர்க்கின் குட்வின் கொம்பனி தனது ‘ஓல்ட் ஜட்ஜ்’ சிகரட்டுக்காக 1886 முதல் 1890 வரை ஆயிரக்கணக்கான புகைப்பட அட்டைகளை வெளியிட்டது. இந்தப் புகைப்படங்களை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வேகமான அசைவைப் பிடிக்கும் வல்லமை அன்றைய கமராவுக்கு இல்லை. ஆகவே வீரரைப் புகைப்படக் கூடத்துக்குள் நிறுத்தி, கூரையிலிருந்து பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடிப்பதுபோல நடிக்கச் செய்தார்கள். சில அட்டைகளில் அந்த நூல் தெளிவாகவே தெரிகிறது. பத்திரிகைக்காரனான எனக்கு அந்த நூலின் மீது தனிப் பிரியம் உண்டு. எங்கள் தொழிலில் தொங்கவிடப்படும் பந்துகளின் நூல் அத்தனை எளிதில் தெரிவதில்லை.

வீரர்களுக்கு இதனால் கிடைத்தது என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அவர்களை ஓர் அணியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவிடாமல் கட்டிவைத்த ஒப்பந்த முறை இருந்த காலம் அது. முகம் நாடெங்கும் விற்றது. முகத்துக்குரியவர் அணி உரிமையாளரின் கையில் இருந்தார். கறுப்பின வீரர்களின் கதை இன்னும் கசப்பானது. 1880களின் நடுவில் பெரிய அணிகளில் ஆடிய ஓரிருவரும் வெளியேற்றப்பட்டு அத்துறையின் கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்ட அதே ஆண்டுகளில், கறுப்பினத்தவரையும் ஐரிஷ்காரரையும் சீனரையும் கேலி செய்யும் படங்கள் இந்த அட்டைகளில் தாராளமாக அச்சேறின. சேகரிப்பவர்களில் சிலர் இவற்றை ஒளித்து வைப்பார்கள். ஒளிப்பதிலும் பார்க்க, இன்ன ஆண்டில் இன்ன சவர்க்காரத்துக்காக இது அச்சிடப்பட்டது என்று எழுதி வைப்பதே மேல் என்பது என் கருத்து.

இனி நம்முடைய தீவுக்கு வருவோம். இந்த அட்டைகளில் இருந்த முகங்கள் ஒருமுறை கொழும்பில் வந்திறங்கின என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

அல்பேர்ட் ஸ்போல்டிங் என்பவர் முன்னாள் வீரர். பின்னர் சிகாகோ அணியின் அதிபரும், விளையாட்டுப் பொருள் விற்கும் பெருவணிகரும் ஆனவர். 1888 ஒக்ரோபரில் சிகாகோ வைட் ஸ்ரொக்கிங்ஸ் அணியையும், பல அணிகளிலிருந்து திரட்டிய ‘ஓல் அமெரிக்கா’ என்ற அணியையும் உலகைச் சுற்றிக் காட்ட அழைத்துப் புறப்பட்டார். ஹவாய், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா என்று போன குழு 1889 ஜனவரியின் இறுதியில் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. ஜனவரி 26 ஆம் திகதி அங்கே இரு அணிகளும் மோதின. ஐந்து இன்னிங்ஸ் மட்டுமே ஆடப்பட்ட அந்த ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் முடிந்தது. இரண்டு வாரங்களின் பின்னர் அதே ஆட்டக்காரர் எகிப்தின் பிரமிட்டுகளின் அடியில் ஆடினார்கள். ஸ்பிங்ஸ் சிலையின் மீது ஏறி நின்று எடுத்த படம் இன்றும் பிரபலம். அவர்களில் சிகாகோ அணித் தலைவர் கப் அன்சனும், மற்றைய அணியின் தலைவர் ஜோன் மொன்ற்கொமரி வாட்டும் அலன் அன்ட் கின்ரர் அட்டைகளில் இடம்பெற்றவர்கள். சட்டம் படித்தவரான வாட், தாம் கடல் கடந்திருந்த வேளையில் ஊரிலே முதலாளிமார் வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு விதித்துவிட்டார்கள் என்று அறிந்து, திரும்பியதும் சக வீரர்களைத் திரட்டி 1890 இல் தனி லீக் ஒன்றையே தொடங்கினார். அந்தப் பயணத்தில் கூட்டத்தைக் கவர்வதற்கென்று கிளாரன்ஸ் டுவால் என்ற கறுப்பினக் கலைஞரையும் அழைத்துச் சென்றார்கள். வழியெங்கும் அவர் மனிதராக அல்லாமல் வேடிக்கைப் பொருளாகவே நடத்தப்பட்டார்.

அந்தப் பயணம் முழுவதுமே ஸ்போல்டிங்கின் பந்துகளுக்கும் மட்டைகளுக்குமான நடமாடும் விளம்பர அட்டைதான். ஆயினும் இங்கே அது எடுபடவில்லை. கொழும்பின் துரைமார் கிரிக்கெட்டை விடவில்லை. ஏனையோர் துரைமாரைப் பார்த்துக் கிரிக்கெட்டையே பழகினர்.

1889 இல் வன்னி எப்படி இருந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். ரயில் இல்லை, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கான பாதை முழுமையடைந்தது 1905 இல். இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கியது 1902 இல். காடும், உடைந்த குளங்களும், காய்ச்சலும், இடையிடையே வயலோடு ஒட்டி வாழ்ந்த சிற்றூர்களும் கொண்ட அந்தப் பெருநிலத்தைப் பற்றி ஜே. பி. லூவிஸ் எழுதிய கைந்நூல் 1895 இல் வெளிவந்தது. அந்தக் காட்டின் மேற்கோரமாக, மன்னாரிலிருந்து மதவாச்சி ஊடாக மாத்தளைக்குப் போன பாதையில்தான் தென்னிந்தியத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். பேதியிலும் அம்மையிலும் வழியில் வீழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். 1869 இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை எழுந்த காலமும் இதுவே. 1890 இல் தோமஸ் லிப்ரன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அதன் பின்னர், கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படம் தகரப் பெட்டியிலும் அட்டையிலும் சுவரொட்டியிலுமாக உலகமெங்கும் போயிற்று. பேஸ்போல் வீரருக்கேனும் தன் படம் அச்சில் வந்தது தெரியும். இந்தப் பெண்ணுக்கு அதுவும் தெரியாது.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு 2004 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னிக்குச் சென்றேன். யுத்தநிறுத்த காலம். 2002 இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டிருந்தது. ஓமந்தையில் ஒரு சோதனை, புளியங்குளத்தில் இன்னொரு சோதனை என்று இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே போவது போன்ற பயணம். மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் கூரையிழந்த கட்டடங்களே எஞ்சி நின்றன. தெருவோரங்களில் மண்டையோடு வரைந்த மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். நான் சென்றது வேறொரு செய்திக்காக. வட்டக்கச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பேட்டி காண வேண்டியிருந்தது. பேச்சுவாக்கில் ரொறன்ரோ அட்டையின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், கட்டிலின் கீழிருந்து ஒரு றங்குப்பெட்டியை இழுத்து வந்தார்.

“தம்பி, பாத்துச் சிரிக்கப்பிடாது. வீட்டுக்காரி இதுக்கு வைச்ச பேர் குப்பைப்பெட்டி” என்றார்.

உள்ளே பதினொரு கொப்பிகள். பாடசாலைப் பிள்ளைகளின் பழைய ஒற்றை ரூல் கொப்பிகளில், சோற்றுப் பசையாலும் கோதுமைப் பசையாலும் ஒட்டப்பட்ட படங்கள். நெருப்புப்பெட்டிப் படங்களே பெரும்பாலானவை. சுவீடனிலும் யப்பானிலும் செய்யப்பட்டு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தவை சில. அவற்றில் நம்முடைய தெய்வங்களையே வரைந்து அனுப்பியிருந்தார்கள். அடுத்து சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதையை வாசகர்கள் அறிவார்கள். பெட்டிக்கு ஒட்ட வேண்டிய படத்தின் தேவையே பின்னர் அவ்வூரில் அச்சுத் தொழில் பெருகுவதற்கு ஒரு காரணமாயிற்று. அதன் தொடர்ச்சியாக வந்தவை கலண்டர்கள். கோவில்பட்டியிலிருந்து வரைந்த கொண்டையராஜுவின் முருகனும் இலட்சுமியும் வன்னியின் எத்தனை மண்வீடுகளில் சுவாமிப் படமாக இருந்தார்கள்! கீழே இருக்கும் கடைப் பெயரை வெட்டிவிட்டுக் கண்ணாடி போட்டால் விளம்பரம் தெய்வமாகிவிடும். மாஸ்ரர் வெட்டவில்லை. கடைப் பெயரோடுதான் ஒட்டியிருந்தார். “படத்தைக் கும்பிடுறதெண்டால் கோயில் இருக்கு. எனக்கு வேண்டியது கடை” என்றார். கிளிநொச்சிச் சந்தையிலும் கரடிப்போக்குச் சந்தியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருந்து இல்லாமற்போன கடைகளின் பெயர்கள் அந்தக் கலண்டர் அடிகளில் மட்டுமே எஞ்சியிருந்தன. ஒரு நகரத்தின் வணிக வரலாற்றை எழுத வேண்டுமென்றால் அந்தக் கொப்பிகளிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். மூன்று நான்கு முறை அழிந்த நகரத்துக்கு வேறு பதிவேடு ஏது?

மான்செஸ்ரர் துணிக்கட்டுகளில் ஒட்டி வந்த பெரிய வண்ணச் சீட்டுகளும் இரண்டு இருந்தன. ‘டிக்கெட்’ என்று வணிகர்கள் வழங்கிய இச்சீட்டுகளை, பின்னாளில் 2025 இல், பெங்களூரின் கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் பெரிய கண்காட்சியாகவே வைத்தது. வட்டக்கச்சியில் அவை கோதுமைப் பசையில் ஒட்டப்பட்டு, ஓரங்களில் கரையான் தின்றபடி இருந்தன.

பதினோராவது கொப்பியின் நடுவில், ஒட்டப்படாமல், எண்ணெய்த் தாளில் சுற்றப்பட்ட ஓர் அட்டை. சிங்கர் கொம்பனி 1892 இல் அச்சிட்டு, அடுத்த ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் வழங்கிய நாடுகளின் வரிசையில் ‘சிலோன்’ அட்டை. உள்ளூர் உடையில் மனிதர்கள், நடுவே தையல் இயந்திரம், பின்புறத்தில் தீவைப் பற்றிய சிறு குறிப்பு. சிங்கர் 1877 முதலே கொழும்பில் கடை வைத்திருந்தது. மாஸ்ரரின் பாட்டனார் மானிப்பாயில் மிஷனரிமாரோடு பழகியவர். அங்கே எவரிடமிருந்தோ வந்து, தையல் மெசினின் இழுப்பறைக்குள் இரண்டு தலைமுறை கிடந்ததாம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816 முதல் இருந்ததை எண்ணினால், அட்டை ஒன்று கடல் கடந்து வந்ததில் வியப்பில்லை. வந்த அட்டை 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் கிளாலிக் கடலைக் கடந்தும், 1996 இல் கிளிநொச்சியை இராணுவம் பிடித்தபோது விசுவமடுவுக்குச் சைக்கிளில் போயும், பின்னர் திரும்பியும் முழுசாக இருந்ததில்தான் எனக்கு வியப்பு. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடையிருந்த அந்த ஆண்டுகளில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் கொப்பி ஒட்டியதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். “பிள்ளையளுக்கு விளக்குத் தேவைப்படாத நேரம் பாத்து ஒட்டினனான்” என்றார். நான் கேட்டது அதுவல்ல. ஆனால் திரும்பக் கேட்கவில்லை.

அப்போது தேநீர் கொண்டுவந்த அயல்வீட்டுப் பெண்மணி ஒருவர் எங்களோடு நின்று கொப்பியைப் பார்த்தார். 1977 வன்செயலின் பின்னர் மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. ஒரு பக்கத்தில் பழைய தேயிலை விளம்பரம்: நகையணிந்து, பூ வைத்து, சிரித்தபடி கொழுந்தெடுக்கும் பெண். அவர் சற்று நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, “இடுப்புல படங்கைக் காணோமே ஐயா. கால்ல ஒரு அட்டை கடிச்ச காயங்கூட இல்ல” என்றார்.

மாஸ்ரர் பென்சிலை எடுத்தார். படத்தின் கீழே அந்த இரண்டு வாக்கியத்தையும் திகதியோடு எழுதிவைத்தார்.

அவரிடம் நான் ஜெபர்சன் பேர்டிக்கைப் பற்றிச் சொன்னேன். வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும். 1900 இல் பிறந்த இவர் அமெரிக்காவின் சிராக்கியூஸ் நகரில் மின்பொருள் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த சாதாரண மனிதர். திருமணம் செய்யவில்லை. எவரும் ஒரு பொருட்டாக மதிக்காத விளம்பர அட்டைகளையும் சிகரட் அட்டைகளையும் வாங்கிச் சேர்த்து, அவற்றை வகைப்படுத்தி 1939 இல் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். பழைய வணிக அட்டைகளுக்கு ஓர் எழுத்து, சிகரட் அட்டைகளுக்கு ஓர் எழுத்து என்று அவர் வைத்த குறியீடுகளைத்தான் இன்று கோடிக்கணக்கில் விலை பேசுவோரும் பயன்படுத்துகிறார்கள். மூட்டுவாதத்தால் விரல்கள் முறுகிப்போன நிலையில், 1947 முதல் தமது சேகரிப்பைத் தொகுதி தொகுதியாக நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்துக்கு வழங்கி, பின்னர் அங்கேயே மேசை போட்டு உட்கார்ந்து தம் கையாலேயே கொப்பிகளில் ஒட்டினார். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள். 1963 ஜனவரியில் கடைசித் துண்டையும் ஒட்டி முடித்து விடைபெற்றார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். அவற்றில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேஸ்போல் அட்டைகள். ஆனால் மனிதர் ஓர் ஆட்டத்தையேனும் மைதானத்தில் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை என்பார்கள்.

மாஸ்ரர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அந்த மனிசனுக்கு ஒரு கட்டடம் கிடைச்சிருக்கு” என்றார்.

எங்களுக்கும் கட்டடம் இருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதிலிருந்த 97,000 நூல்களும் சாம்பலாயின. அதன் பின்னர் எங்கள் மண்ணில் சேகரிப்பவர் எவரும் கட்டடத்தை நம்பத் தயங்கினார்கள். பத்திரிகை நறுக்குகளை வாழ்நாளெல்லாம் சேர்த்த குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் போன்றோர் தனியாட்களாகவே உழைத்தார்கள். தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையாவுக்கு வாய்ப்பு நன்றாக அமைந்தது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்து, நூல்களோடு கலியாண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் விட்டுவைக்காமல் சேர்த்த அவர் 1992 இல் மறைந்தார். சிகாகோப் பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்க வழிசெய்தது. 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. சிகாகோ என்ற பெயர் இந்தக் கட்டுரையில் மீண்டும் மீண்டும் வருகிறது, நான் திட்டமிட்டதல்ல.

புறப்படும்போது, அந்தச் சிங்கர் அட்டையைக் கொழும்பில் நல்ல முறையில் படியெடுத்துத் தருகிறேன் என்று கேட்டேன். எண்ணெய்த் தாளோடு தந்தார். ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னேன். படியெடுத்தது உண்மை. திருப்பிக் கொடுக்கவில்லை. வேலை, வேறு பயணங்கள், 2004 டிசம்பரில் முல்லைத்தீவைக் கடல் கொண்டுபோன துயரம் என்று காரணங்களை அடுக்கலாம். உண்மையில் அது என் சோம்பல். 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு பாதை மூடப்பட்டபோது அட்டை என் மேசை இழுப்பறையில் இருந்தது.

அதற்குப் பின் நடந்தவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. சனங்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலின் மணலில் முடிந்தார்கள். உயிரைக் கொண்டு வந்தவர்கள் உரப்பையில் ஒரு மாற்றுடையும் அடையாள அட்டையும் வைத்திருந்தார்கள். பலரிடம் அதுவும் இல்லை. மாஸ்ரர் மெனிக் பாம் முகாமில் இருக்கிறார் என்ற தகவல் அவ்வாண்டின் கடைசியில் கிடைத்தது. மனைவி வரவில்லை.

2011 இல் வட்டக்கச்சிக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் தகரக் கொட்டில். முற்றத்து மாமரம் பாதி எரிந்து மீண்டும் துளிர்த்திருந்தது. கொப்பிகளை விசுவமடுவரையில் கொண்டுபோனதாகவும், அங்கே பதுங்குகுழிக்குக் கூரை போடப் பெட்டி தேவைப்பட்டதாகவும், கொப்பிகளை மரத்தின் கீழ் வைத்துப் பொலித்தீனால் மூடிவிட்டு நடந்ததாகவும் சொன்னார். திரும்பிப் போய்ப் பார்த்தாராம். மரமும் இல்லை.

எண்ணெய்த் தாளைப் பிரித்து அட்டையைக் கொடுத்தேன். தாமதித்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவனை அவர் கையமர்த்தினார். “நீங்கள் சொன்ன மாதிரி ஒரு மாதத்தில தந்திருந்தால் இதுவும் போயிருக்கும்” என்றார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற இணையச் சேகரத்தில் ஈழத்தின் நூல்களும் இதழ்களும் நினைவு மலர்களும் துண்டுப் பிரசுரங்களும் தன்னார்வலர்களின் உழைப்பால் ஏறிவருகின்றன. அந்தப் பதினொரு கொப்பிகளையும் நான் 2004 இல் படியெடுத்திருந்தால் அவையும் எங்கோ ஓரிடத்தில் இருந்திருக்கும். கமரா என் தோளில்தான் தொங்கியது. ஒரேயொரு படம் எடுத்தேன், அதுவும் மாஸ்ரரின் முகத்தை, பேட்டிக்காக. அதில் அவர் மடியில் விரிந்திருக்கும் கொப்பியின் ஒரு மூலை தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு மானின் கொம்பும், கடைப் பெயரின் கடைசி இரண்டெழுத்தும்.

2022 ஓகஸ்டில் மிக்கி மான்ரில் என்ற வீரரின் 1952 ஆம் ஆண்டு அட்டை ஒன்று 12.6 மில்லியன் டொலருக்கு ஏலம் போனபோது, மருமகன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்துச் சொன்னான். அவன் தனது சேகரிப்பை இன்னமும் வைத்திருக்கிறான். சப்பாத்துக் கடை அட்டை உட்பட.

அன்றைக்கு, 2011 இல், நான் எழுந்து புறப்பட ஆயத்தமானபோது மாஸ்ரர் தகரச் சுவரில் செருகியிருந்த புதிய கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். முதற்பக்கத்தில் முகாமில் கொடுத்த நிவாரண அட்டை. அடுத்ததில் தறப்பாள் சீலையிலிருந்து வெட்டிய ஒரு நிறுவனத்தின் நீலச் சின்னம். அதற்கடுத்த பக்கங்களில், யுத்தம் முடிந்த கையோடு ஏ-9 வீதி நெடுகிலும் விளம்பரப் பலகைகளை நாட்டிய தொலைபேசிக் கொம்பனிகளின் மீள்நிரப்பு அட்டைகள். சுரண்டிய இடத்து வெள்ளிப்பூச்சு உதிராதிருக்க மேலே ஒட்டுநாடா போட்டிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் திகதி, இடம், வாங்கிய கடையின் பெயர்.

சிங்கர் அட்டையை அவர் அதில் ஒட்டவில்லை. எண்ணெய்த் தாளை மறுபடி மடித்து, சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் தரிப்பிடம் வரையில் என்னோடு நடந்து வந்தார்.